நெட் கட்டுவது யார்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஸ்காட்லாந்து கால்பந்து பற்றி எழுதிய அரைப் பக்கத்தில் ‘அமெச்சூர் லீக்’ என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை போட்டிருந்தேன். கடிதங்களில் பாதி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. கிளாஸ்கோவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், சனிக்கிழமை மதியங்களில் பாதியை ஏதாவது ஒரு பூங்கா மைதானத்தின் ஓரத்தில் நனைந்துகொண்டே கழித்திருக்கிறேன். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

கே: என் மகன் கிளாஸ்கோவில் எம்.எஸ்சி. படிக்கிறான். சனிக்கிழமை போன் செய்தால் ‘மேட்ச் இருக்கும்மா’ என்று வைத்துவிடுகிறான். டீமில் ஆட அவனே காசு கட்டுகிறானாம். விளையாடுகிறவனுக்குத்தானே காசு தருவார்கள்? யாராவது ஏமாற்றுகிறார்களா? – கோவையிலிருந்து ஒரு தாய்

ஏமாற்று இல்லை அம்மா, அங்கே அதுதான் நடைமுறை. அமெச்சூர் கிளப்பில் ஆடுகிற ஒவ்வொருவரும் சந்தா கட்டுகிறார்கள். அந்தக் காசில்தான் நகராட்சி மைதான வாடகை, ரெஃப்ரியின் கூலி, பந்து, ஜெர்சி, லீக் கட்டணம் எல்லாம் நடக்கிறது. யாராவது ரெட் கார்டு வாங்கினால் அபராதம் வேறு. பல கிளப்களில் வாங்கியவரே தன் கைக்காசைப் போட்டு அதைக் கட்ட வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று நம் ஊரில் சொல்வோமே, அதைச் சந்தோஷமாகச் செய்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தெருமுனை ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கென்று ஸ்காட்டிஷ் அமெச்சூர் கால்பந்துச் சங்கம் 1909 முதல் இருக்கிறது, அலுவலகம் தேசிய மைதானமான ஹாம்ப்டன் பார்க்கில். அதன் கீழே ஊருக்கு ஊர் லீக்குகள்: அபர்டீன்ஷயர், ஃபைஃப், அயர்ஷயர், எல்லைப்புற ஊர்களுக்கு பார்டர் லீக், எடின்பரோ பக்கம் லோத்தியன், கிளாஸ்கோவைச் சுற்றிக் கலிடோனியன், சென்ட்ரல் என்று வரிசையாக. ஒவ்வொரு லீக்குக்குள்ளும் டிவிஷன்கள், ஏற்றம், இறக்கம், கோப்பைகள். எல்லா லீக்குகளுக்கும் பொதுவாக ஸ்காட்டிஷ் அமெச்சூர் கோப்பை இருக்கிறது, அதன் இறுதி ஆட்டம் வழக்கமாக ஹாம்ப்டனிலேயே நடக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை குழாய் மாட்டுகிறவரும் கணக்கு வாத்தியாரும் தேசிய அணி ஆடுகிற அதே புல்லில் ஓடுகிற நாள் அது. குடும்பம் முழுக்க பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கும்.

உங்கள் மகனுடைய சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பன்னிரண்டரைக்கு மைதானம். கம்பம் இருக்கும், நெட் இருக்காது. நெட் யாரோ ஒருவருடைய கார் டிக்கியில், போன வாரத்துச் சேறு காயாமல், சிக்கலாகச் சுருண்டு கிடக்கும். அதைப் பிரித்துக் கம்பத்தில் மாட்ட இரண்டு பேருக்குக் கால் மணி நேரமாவது ஆகும், உயரமானவர் வரவில்லை என்றால் ஒருவர் தோளில் இன்னொருவர் ஏற வேண்டும். ரெஃப்ரி தனி ஆளாக வருவார். லைன்ஸ்மேன் என்று யாரும் வருவதில்லை, இரண்டு கிளப்பும் ஆளுக்கு ஒருவரைக் கொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் சப்ஸ்டிட்யூட்தான். என்னையே ஒரு தடவை கொடியைக் கையில் திணித்து நிறுத்திவிட்டார்கள். நான் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினேன், ரெஃப்ரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். எதிரணிக்காரர்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

கே: ‘ஸ்காட்டிஷ் ஜூனியர் கோப்பை’ என்று படித்தேன். படத்தில் இருப்பவர்களுக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. அச்சுப் பிழையா? – திருச்சி வாசகர்

இல்லை. இது அந்த ஊர்க்காரர்களுக்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிற சங்கதி. ‘ஜூனியர்’ என்பது வயதைச் சொல்லவில்லை, படிநிலையைச் சொல்கிறது. சீனியர் லீக்கில் இல்லாத, ஆனால் ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் காசு கொடுக்கலாம் என்ற வகைக் கிளப்கள் 1886-ல் தனிச் சங்கம் வைத்துக்கொண்டன. சுரங்க ஊர்களில் இந்த ஜூனியர் கிளப் என்றால் உயிர். அயர்ஷயரில் ஆகின்லெக் டால்பட் என்று ஒரு கிளப், ஊர் சின்னது, ஜூனியர் கோப்பையை அவர்களைவிட அதிகம் வென்றவர்கள் யாரும் இல்லை. 2019 ஜனவரியில் நாட்டின் பெரிய கோப்பையான ஸ்காட்டிஷ் கோப்பையில் தங்கள் பக்கத்து ஊரின் இரண்டாம் டிவிஷன் அணியான அயர் யுனைடெட்டை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆக, மேலிருந்து கீழாக சீனியர், ஜூனியர், அமெச்சூர் என்று மூன்று தனித்தனி வீடுகள் நூறு வருடத்துக்கு மேல் இருந்தன. வீட்டுக்கு வீடு கதவு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு இளையோர் கால்பந்துச் சங்கம் என்று நாலாவது வீடு வேறு.

கே: எங்கள் ஊர் டீம் போல ஒரு அமெச்சூர் டீம் ஜெயித்துக்கொண்டே போனால் ஒரு நாள் செல்டிக் மாதிரிப் பெரிய கிளப்போடு ஆட முடியுமா? – நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

முடியும், ஆனால் லீக்கில் ஜெயித்தால் மட்டும் போதாது தம்பி. இதில்தான் முழு வம்பும் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்காட்லாந்தின் உச்சியில் 42 கிளப்கள், நாலு டிவிஷன்: 12, 10, 10, 10. ரொம்ப காலம் அது மூடிய பெட்டி. கடைசி இடத்தில் வந்தாலும் யாரும் வெளியே போக மாட்டார்கள், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர மாட்டார்கள், எப்போதாவது ஒரு கிளப் திவாலானால் அந்த இடத்துக்கு ஓட்டுப் போட்டு ஒருவரை எடுப்பார்கள். 2013-ல் தெற்கே லோலண்ட் லீக்கை ஆரம்பித்தார்கள். வடக்கே ஹைலண்ட் லீக் 1893 முதலே இருந்தது. 2014-15 சீசனில் இருந்து இந்த இரண்டு சாம்பியன்களும் மோதி, வென்றவர் 42-வது கிளப்போடு ஆடி, அதையும் வென்றால் உள்ளே. 2016-ல் முதல் தடவையாகக் கதவு திறந்தது, எடின்பரோ சிட்டி உள்ளே போனது, ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் வெளியே வந்தது. அப்புறம் கோவ் ரேஞ்சர்ஸ், கெல்டி ஹார்ட்ஸ், பானிரிக் ரோஸ், ஸ்பார்ட்டன்ஸ், ஈஸ்ட் கில்பிரைட் என்று வரிசையாக ஏறினார்கள். இதில் கெல்டியும் பானிரிக்கும் பழைய ஜூனியர்கள்.

ஏறலாம் என்று தெரிந்ததும் ஜூனியர் வீடு காலியாக ஆரம்பித்தது. 2018-ல் கிழக்குப் பக்கத்துக் கிளப்கள் கூட்டமாக ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீக்குக்குப் போயின. 2020-ல் மேற்குப் பக்கமும் கிளம்பி வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீக் உருவானது, முதல் வருடமே 67 கிளப்கள். இவை லோலண்ட் லீக்குக்குக் கீழே ஆறாவது படியும் அதற்குக் கீழேயும். ஜூனியர் கோப்பை இன்றும் நடக்கிறது, ஆனால் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் வேறு வீட்டில் குடியிருக்கிறார்கள்.

அமெச்சூர் லீக்குகளை மட்டும் யாரும் இந்த ஏணியில் சேர்த்துக் கட்டவில்லை. கலிடோனியன் லீக்கில் முதலிடம் வந்தால் அடுத்த வருடமும் கலிடோனியன் லீக்தான். மேலே போக வேண்டும் என்றால் அமெச்சூர் லீக்கை விட்டு விலகி, வெஸ்ட் அல்லது ஈஸ்ட் லீக்குக்கு விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஏற்றுக்கொண்டால், அங்கே அடிமட்ட டிவிஷனில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிளாஸ்கோவின் டிரம்சேப்பல் யுனைடெட் அப்படி அமெச்சூரிலிருந்து வெஸ்ட் லீக்குக்குப் போனவர்கள். போவதற்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு மைதானம் வேண்டும், சுற்றிக் கம்பி வேண்டும், உடை மாற்றும் அறை வேண்டும். இன்னும் மேலே ஐந்தாம் படிக்குப் போக ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் உரிமம் வேண்டும், ஃப்ளட்லைட் முதல் கணக்கு வழக்கு வரை பார்ப்பார்கள். பூங்காவில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஆடுகிற கிளப் ஃப்ளட்லைட்டுக்கு எங்கே போகும்?

மேலே போனாலும் நிம்மதி கிடையாது. பானிரிக் ரோஸின் மைதானம் சரிவுக்குப் பேர்போனது, ஒரு பக்கமிருந்து பந்தை உருட்டிவிட்டால் அது தானாகவே போகும் என்று கிண்டல் செய்வார்கள். 2024-25 சீசனில் அந்தச் சரிவு விதிக்கு மேல் இருக்கிறது என்று ஆறு புள்ளிகளை வெட்டினார்கள். அந்த சீசன் முடிவில், மேலே சொன்ன தகுதி ஆட்டமான பிளே-ஆஃபில் ஈஸ்ட் கில்பிரைட்டிடம் தோற்றுக் கீழே இறங்கினார்கள்.

கே: காசு வாங்காமல் பெரிய லீக்கிலேயே ஆடிய கிளப் ஒன்று இருந்ததாமே? – பெங்களூரிலிருந்து ஒரு வாசகி

குவீன்ஸ் பார்க். 1867-ல் ஆரம்பித்த, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப். 1872 நவம்பர் 30 அன்று உலகத்தின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டியில் இங்கிலாந்தை எதிர்த்து இறங்கிய ஸ்காட்லாந்தின் பதினொரு பேரும் அந்தக் கிளப்காரர்கள். (ஆட்டம் 0-0. அதுவும் ஒரு கிரிக்கெட் மைதானத்தில்.) 1893-ல் ஸ்காட்லாந்தில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று சட்டமாகிவிட்டது, இவர்கள் மட்டும் மாட்டேன் என்றார்கள். ஸ்காட்டிஷ் கோப்பையைப் பத்து முறை வென்றவர்கள், பத்தாவது அந்த 1893-லேயே. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆனால் ஹாம்ப்டன் பார்க் அவர்களுடைய சொத்து. 1937-ல் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடினார்களே, அந்த மைதானத்தின் முதலாளிகள் ஐந்து பைசா வாங்காமல் ஆடியவர்கள்!

பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற மேனேஜரான அலெக்ஸ் ஃபெர்குசன் 1958-ல் பதினாறு வயதில் சீனியர் கால்பந்தைத் தொடங்கியது அங்கேதான். அதற்கு முன்பு டிரம்சேப்பல் அமெச்சூர்ஸ், அது 1950-ல் தொடங்கிய இளைஞர் கிளப், மேலே சொன்ன டிரம்சேப்பல் யுனைடெட் வேறு, இது வேறு. பின்னாளில் மேனேஜராகப் பேர் வாங்கிய டேவிட் மாய்ஸும் ஸ்காட்லாந்து அணிக்கு ஆடிய ஆர்ச்சி கெம்மிலும் அந்தக் கிளப்பின் பிள்ளைகள்தான். ஆண்டி ராபர்ட்சன் 2012-13-ல் குவீன்ஸ் பார்க்கில் சம்பளமில்லாமல் ஆடிக்கொண்டே ஹாம்ப்டனில் டிக்கெட் போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், ஆறு வருடம் கழித்து லிவர்பூல் அணிக்காக ஆடி ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் வென்றார்.

2019 நவம்பரில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அமெச்சூர் என்ற அடையாளத்தை விட்டுவிட்டார்கள், ஹாம்ப்டனையும் கால்பந்துச் சங்கத்துக்கு ஐம்பது லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அடுத்தவர் சம்பளமில்லாமல் ஆட வேண்டும் என்று நான் வருத்தப்படுவதில் என்ன நியாயம் என்றும் தோன்றுகிறது. 2025 பிப்ரவரியில் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸை அவர்கள் சொந்த மைதானமான ஐப்ராக்ஸிலேயே ஸ்காட்டிஷ் கோப்பையிலிருந்து 1-0 என்று வெளியேற்றினார்கள், அன்றைக்கு குவீன்ஸ் பார்க் ஆட்டக்காரர்களில் யாரும் டிக்கெட் போன் எடுக்கப் போகவில்லை.

கே: பெண்களுக்கு? – அதே வாசகி

பெண்கள் கால்பந்தில் மேலே பிரீமியர் லீக், கீழே இருக்கிற லீக்குகளைத் தனி அமைப்பு நடத்துகிறது. வரலாறு அசிங்கமானது. 1971-ல் ஐரோப்பிய நாடுகள் பெண்கள் ஆட்டத்தை அங்கீகரிக்க ஓட்டுப் போட்டபோது எதிர்த்த ஒரே சங்கம் ஸ்காட்லாந்துடையது. 1972-ல் கிரீனக்கில் பெண்கள் இங்கிலாந்தோடு முதல் சர்வதேச ஆட்டம் ஆடினார்கள், 3-2 என்று தோற்றார்கள், அந்த நேரத்தில் சொந்த நாட்டுச் சங்கம் அவர்களை ஏற்கவே இல்லை. 1974-ல்தான் தடை நீங்கியது. அமெச்சூர் ஆண்கள் ‘எங்களை யாரும் கவனிப்பதில்லை’ என்று புலம்பும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

கே: தீவுகளில் கூட லீக் இருக்கிறதா? அங்கே ஆள் இருக்கிறார்களா முதலில்? – ராமேசுவரம் வாசகர்

தீவுக்காரர் கேட்கிற கேள்வியா இது! இருக்கிறார்கள். ஸ்காட்லாந்து அமெச்சூர் கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தீவுகள்தான்.

மேற்கே எரிஸ்கே என்று ஒரு குட்டித் தீவு. 2001 முதல் சவுத் யூயிஸ்ட் தீவோடு கடல் மேல் சாலை போட்டு இணைத்திருக்கிறார்கள். அதன் மைதானம் உலகத்தில் கால்பந்து ஆட எட்டு அற்புத இடங்கள் என்று ஃபிஃபா சொன்ன பட்டியலில் இருக்கிறது. அற்புதம் என்றால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி என்று நினைக்காதீர்கள். தரை மேடும் பள்ளமும், கார்னர் எடுக்கிறவர் ஒரு சின்னச் சரிவில் நிற்பார், சுற்றிலும் ஆடுகள், பின்னால் கடல். பந்து தரையில் எப்படி எகிறும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும், வெளியூர் கோல்கீப்பர் கண்ணெதிரே அது அவர் காலைத் தாண்டிப் போகும். யூயிஸ்ட்–பாரா லீக்கில் ஆடுகிறார்கள். பாரா அணியோடு அவர்கள் ஊரில் ஆட்டம் என்றால் படகு. காற்று பலமாக அடித்தால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை.

லூயிஸ்–ஹாரிஸ் பக்கம் இன்னொரு கதை. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அப்படிக் கடைப்பிடிக்கிற ஊர், ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கப்பல் விட ஆரம்பித்ததே 2009-ல்தான், அதற்கும் எதிர்ப்பு இருந்தது. அங்கே ஞாயிறு ஆட்டம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வார நாள் மாலையில் வேலை முடிந்து வந்து ஆடலாம், ஏனென்றால் ஜூனில் சூரியன் இரவு பத்தரைக்குத்தான் மறைகிறது. லூயிஸ், யூயிஸ்ட், ஆர்க்னி, ஷெட்லாண்ட், வடகோடியில் கேத்னஸ் எல்லாம் கோடைக்கால லீக்குகள். ஆர்க்னியும் ஷெட்லாண்டும் வருடத்துக்கு ஒரு முறை மில்ன் கோப்பைக்கு மோதும்போது, இரண்டு தீவிலும் மற்ற பேச்செல்லாம் ஒத்திவைக்கப்படும்.

நிலப்பகுதியில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஆகஸ்டில் தொடங்கி, டிசம்பரில் உறைந்து, மே மாதம் மூச்சு வாங்குகிறார்கள். வானிலை அதைவிட மோசமான தீவுக்காரர்கள் வெயிலைப் பார்த்து ஆடுகிறார்கள். இதில் யார் புத்திசாலி என்பதை அடுத்த கேள்விக்குப் பிறகு நீங்களே சொல்லுங்கள்.

கே: இந்த அமெச்சூர் லீக்குகள் இன்னும் இருபது வருடம் தாங்குமா? ஏணியில் சேர்த்துவிட்டால் பிழைக்குமா? – சென்னையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு விளையாட்டு ஆசிரியர்

ஐயா, நீங்கள் வாத்தியார், உங்களிடம் மழுப்ப முடியாது. லீக்குகள் மெலிந்துகொண்டு வருகின்றன. டிவிஷன் குறைகிறது, சீசன் நடுவில் கிளப் விலகுகிறது, விலகிய கிளப்போடு ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டு அட்டவணையைத் திரும்பப் போடுகிறார்கள். காரணம் ஏணி இல்லாததுதான் என்று கிளாஸ்கோ பப்களில் நிறையப் பேர் அடித்துச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

முதல் எதிரி குளிர்காலம். டிசம்பர் நடுவில் கிளாஸ்கோவில் மாலை மூன்றே முக்காலுக்குச் சூரியன் போய்விடும். இரண்டு மணிக்கு கிக்-ஆஃப் என்றால் கடைசிப் பத்து நிமிடம் பந்து எது, எதிராளியின் தலை எது என்று தெரியாது. அதனால் ஒன்றரைக்கு, இன்னும் முன்னதாக என்று நகர்த்துகிறார்கள். சனிக்கிழமை பாதி நாள் வேலை செய்கிற ஆள் அதற்கு எப்படி வருவார்? இது வெளிச்சம் மட்டும். மழை வேறு. ஒரு ஜனவரியில் நான் பின்தொடர்ந்த கிளப்புக்கு அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ‘மைதானம் மூடப்பட்டது’ என்று செய்தி. மூன்றாவது வாரம் நான் நேரில் போய்ப் பார்த்தேன், கோல் எல்லைக்குள் வாத்து நீந்திக்கொண்டிருந்தது, கதை விடவில்லை. இப்படிச் சேர்ந்த ஆட்டங்களை ஏப்ரல், மே மாதத்தில் செவ்வாய், வியாழன் என்று அடைப்பார்கள். அதுவும் போதாமல் ‘டபுள் ஹெடர்’: அதே இரண்டு அணிகளும் ஒரே நாளில், நேரத்தைக் குறைத்து இரண்டு ஆட்டம், இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி. பதினோரு பேர் வருவதே கஷ்டமாக இருக்கும்போது அதே பதினோரு பேர் இரண்டு தடவை.

பழைய காலத்தில் மழைக்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள், அது நோயைவிட மோசம். ‘பிளேஸ்’ என்பார்கள், சுரங்கக் கழிவான எரிந்த ஷேல் கல்லை நொறுக்கிக் கொட்டிய செந்நிற மைதானம். தண்ணீர் தேங்காது, புல் வளர்க்க வேண்டாம், பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்புகளிலும் எங்கும் அதுதான். சறுக்கி விழுந்தால் முழங்காலில் தோல் போய் அதற்குப் பதில் செங்கல் பொடி ஒட்டியிருக்கும், அம்மா இரவு தொட்டியில் உட்கார வைத்து நகத் தேய்ப்பான் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பாள் என்று என் வீட்டு எதிரில் இருக்கிற அறுபது வயதுக்காரர் இன்றும் முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சொல்வார். அந்த இடங்களில் பல இப்போது கட்டடமாகிவிட்டன, சில செயற்கைப் புல்லாக மாறின. செயற்கைப் புல் நல்லதுதான், உறையாமல் இருந்தால் எல்லாக் காலத்திலும் ஆடலாம். ஆனால் வாடகை அதிகம், சனிக்கிழமை மதியம் என்றால் எல்லாருக்கும் அதே நேரம்தான் வேண்டும், சிறுவர் அணிகள் வரிசையில் முன்னால் நிற்கின்றன.

அப்புறம் ஐவர் ஆட்டம். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு ஒன்பதரைக்கு வீட்டில் சாப்பிடலாம். சனிக்கிழமை பதினொன்றுக்குக் கிளம்பி ஐந்துக்குத் திரும்பி, மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு வயதில் குழந்தை பிறந்ததும் அமெச்சூர் கிளப்பை விட்டுப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆட்டத்தை விடவில்லை, ஐவர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு. ஒவ்வொரு கிளப்பிலும் ஒரே ஒரு ஆள் இருப்பார். அவர்தான் செயலாளர், அவர்தான் பொருளாளர், அவர்தான் ஆட்டக்காரர்களின் பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்பவர், வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு ‘நாளைக்கு வர முடியாது’ என்ற செய்தியைப் பதினான்காவது தடவையாகப் படிப்பவர். சேற்று ஜெர்சி மூட்டை அவர் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் போகிறது. அந்த நெட் அவர் டிக்கியில்தான் கிடக்கிறது. நான் பார்த்த கிளப் ஒன்று, பெயர் வேண்டாம், லீக்கில் மூன்றாவது இடத்தில் இருக்கும்போதே கலைந்தது. தோற்கவில்லை, கடனில்லை. அந்த ஆளுக்கு முதுகு வலி, ‘இனி முடியாது’ என்று ஏப்ரலில் சொன்னார், இருபத்திரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடச் சாவியை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள், இங்கே ஒரே ஆள் இழுக்கிறார், மற்றவர்கள் தேர் மேல் உட்கார்ந்து ‘ஏன் மெதுவாகப் போகிறது’ என்று கேட்கிறார்கள். ரெஃப்ரிகளுக்கும் இதே கதி. சனிக்கிழமை மதியம் இருபத்திரண்டு பேரிடம் திட்டு வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

ஏணியில் சேர்த்தால் இந்த ஆளுக்கு வேலை குறையுமா? கூடும். கம்பி வேலி, மருத்துவ உதவி, இன்னும் பத்துப் படிவம். மேலே போக ஆசையும் வளமும் இருக்கிற கிளப்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கின்றன, போகட்டும், அவர்களுக்கு வழி திறந்தே இருக்க வேண்டும். ஆனால் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று, ‘எங்களுக்கு ஏற்றமும் வேண்டும், பூங்கா மைதானமும் போதும்’ என்று கேட்கிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். மிச்சமிருக்கிற பெரும்பாலானோர் ஒன்பதாவது படியில் இருக்கிறோமா பத்தாவதா என்று கவலைப்படுகிறவர்கள் அல்லர், பக்கத்துக் குடியிருப்புக்காரனை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் செய்வதாக இருந்தால் மூன்று காரியம் செய்வேன். சீசனைத் தீவுக்காரர்கள் போல வெயில் காலத்துக்கு, மார்ச் முதல் அக்டோபர் வரை என்று மாற்றுவேன், ஜூலையில் எல்லாரும் விடுமுறைக்குப் போவார்கள் என்று சண்டைக்கு வருவார்கள், ஜூலையில் மூன்று வாரம் நிறுத்திக்கொள்ளலாம். மெலிந்த லீக்குகளை இணைப்பேன், இது சொல்ல எளிது, ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு தலைவரும் ஒரு பழைய வெள்ளிக் கோப்பையும் இருக்கிறது, இரண்டையும் விட மாட்டார்கள். அப்புறம் இளையோர் சங்கத்தில் ஆடி முடித்து வருகிற அணியைக் கலைய விடாமல் அப்படியே முழு அணியாக அமெச்சூர் லீக்குக்குள் கொண்டுவருவேன், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் பத்து வருடமாகக் கார் ஓட்டிப் பழகிய பெற்றோர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது சாவியை வாங்கிக்கொள்வார். இருபது வருடம் தாங்குமா என்றீர்கள். ஞாயிறு லீக், கோடை லீக், ஐவர் லீக் என்று பல வடிவில் ஆட்டம் தாங்கும். சனிக்கிழமை மதியம் பதினொருவர் ஆடுகிற இன்றைய வடிவில் எல்லா லீக்குகளும் தாங்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கே: செப்டம்பரில் எடின்பரோவுக்குப் படிக்கப் போகிறேன். நானும் சேர முடியுமா? விசாவுக்குப் பிரச்சினை வருமா? இங்கே மாவட்ட லீக்கில் பதிவு செய்து ஆடியிருக்கிறேன். – மதுரையிலிருந்து ஒரு மாணவர்

தாராளமாகச் சேரலாம். மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கக் கூடாது, சந்தோஷத்துக்காக ஆடுவது வேறு. அதனால் யாராவது ‘ஆட்டத்துக்கு இருபது பவுண்டு தருகிறேன், வெஸ்ட் லீக்குக்கு வா, ஈஸ்ட் லீக்குக்கு வா’ என்றால் வாயைத் திறக்கும் முன் பல்கலைக்கழகத்தின் விசா அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். இங்கே பதிவு பெற்ற கிளப்பில் ஆடியிருந்தால் அங்கே பதியும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு நாட்டில் பதிவு இருந்தவருக்கு சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும், அமெச்சூருக்கும் அந்த விதி உண்டு. அது வருவதற்குள் உங்களை இறக்கினால் கிளப்பின் புள்ளியைத்தான் வெட்டுவார்கள், அப்புறம் அந்த டீமில் யாரும் உங்களோடு டீ குடிக்க மாட்டார்கள். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், லோத்தியன் லீக்கின் கிளப்கள் ஜூலை, ஆகஸ்டில் ஆள் தேடும், கோல்கீப்பர் என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்து.

ஷின் பேட் எடுத்துப் போங்கள், அது இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விட மாட்டார். மெல்லிய மழைக்கோட்டு போதாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொள்ளுங்கள், சேற்று பூட்ஸோடு யாரும் உங்களைக் காரில் ஏற்ற மாட்டார்கள், மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாப் எப்போதும் இரண்டு மைல் தள்ளித்தான் இருக்கும்.